வழக்குமன்றம் உணவகமான கதை: சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு மாளிகை

டெல்லியில் அரண்மனைகள் நீதிமன்றங்களாகும். மோதி பாகில் குடியிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. லட்யன்ஸ் வடிவமைத்த பட்டியாலா மகாராஜாவின் மாளிகை இன்று கீழமை நீதிமன்ற வளாகம். குற்றவாளிக் கூண்டும் வழக்கறிஞர் மேசைகளும் ஓர் அரசரின் விருந்தினர்க்கென எழுப்பிய சுவர்களுக்குள் நிற்கின்றன. உச்சநீதிமன்றமும் தொடக்கத்தில் இரவல் கூரையின் கீழ்தான் இருந்தது. 1950 ஜனவரி 28 அன்று அது கூடிய இடம் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் சமஸ்தான மன்னர்கள் அவை. சொந்தக் கட்டடத்திற்குப் போக 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலான பயணம், அதாவது நீதிமன்றம் விருந்துமண்டபமாவது, நம் நாட்டில் அரிது. கல்கத்தாவின் பழைய கோர்ட் ஹவுஸ் இரண்டையும் ஒருசேரச் செய்துபார்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பகலில் மேயர் நீதிமன்றம் கூடியது. வெள்ளையர் சமூகம் நடன விருந்துகளையும் அங்கேயே நடத்தியது. 1792-இல் அது இடிக்கப்பட்டது. அந்த மனையில் இன்று புனித ஆண்ட்ரூ தேவாலயம் நிற்கிறது. கட்டடம் போய்த் தெருப்பெயர் மட்டும் நெடுங்காலம் தங்கியது. ஆகவே, நீதிமன்றம் உணவகமாகும் கதையை முழுமையாகப் பார்க்க விரும்புவோர் கடல் கடந்து சிங்கப்பூருக்குச் செல்ல வேண்டும். இக்கட்டுரை அங்குள்ள ஒரு கட்டடத்தைப் பற்றியது. பழைய நாடாளுமன்ற இல்லம் என்றும், இப்போது தி ஆர்ட்ஸ் ஹவுஸ் என்றும் வழங்கும் அதற்கு மூலப்பெயர் மேக்ஸ்வெல் மாளிகை. அங்கே இயங்கிய தாய்லாந்து உணவகம் ஒன்று தன் பெயரிலேயே '1827' என்ற ஆண்டைச் சூடியிருந்தது. அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். எனினும் அதற்குச் சற்று முன்பாகவே தொடங்குவது நல்லது.

1819 பிப்ரவரியில் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது தெமங்கோங் அப்துர் ரஹ்மானின் கிராமம். அவ்வாண்டு ஜூன் மாதம் ராஃபிள்ஸ், சுல்தான் ஹுசைன் ஷா, தெமங்கோங் ஆகிய மூவரும் ஓர் ஏற்பாட்டில் கையொப்பமிட்டனர். அதன்படி, திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ரெசிடெண்டும் சுல்தானும் தெமங்கோங்கும் 'ரூமா பிச்சாரா'வில் கூடி வழக்குகளைக் கேட்க வேண்டும். மலாய் மொழியில் ரூமா என்றால் வீடு. பிச்சாரா என்றால் பேச்சு, ஆலோசனை, வழக்கு. வடமொழி 'விசார' என்பதன் மலாய் வடிவம் அது. நம் விசாரணையும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஆக, அந்தத் தீவில் ஆங்கிலேயர் காலத்தின் முதல் நீதிமன்றத்தை ஒரு தமிழர் 'விசாரணை வீடு' என்று சொல்லியிருந்தால் மலாய்க்காரர்க்குப் பாதியாவது புரிந்திருக்கும். (பிற்கதைக்கு உதவும் என்பதால் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்' என்று பெயர், அது தமிழ்க் 'கடை'. உணவுக்கடை அங்கே 'கெடாய் மாக்கான்'. விசாரணைக்குரிய சொல் வடமொழியிலிருந்தும், உணவுக்கடைக்குரிய சொல் தமிழிலிருந்தும் போய்ச் சேர்ந்தன.)

அந்தத் தொடக்ககால நீதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு 1823 மார்ச் 11 நிகழ்ச்சி சான்று. கடன் வழக்கொன்றில் தோற்ற சையத் யாசின் என்ற வணிகர், உடன் அனுப்பப்பட்ட இந்தியக் காவற்சேவகரைக் கொன்றார். பின்பு, தமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன ரெசிடெண்ட் ஃபார்க்வாரையே குத்தினார். ஃபார்க்வார் பிழைத்துக்கொண்டார், யாசின் அங்கேயே வெட்டி வீழ்த்தப்பட்டார். அவருடைய சடலம் கூண்டிலிட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னாளில் அவருடைய கல்லறையே மக்கள் நேர்ந்துகொள்ளும் புனித இடமாயிற்று. நாகூரோடு தொடர்புடைய குடும்பத்தில் வந்த முன்ஷி அப்துல்லா தம் தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா'வில் இந்நிகழ்ச்சியை விரித்து எழுதியிருக்கிறார். ஃபார்க்வாரின் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. யாசினுக்குக் கல்லறை வழிபாடாவது கிடைத்தது. கொல்லப்பட்ட சேவகரைப் பொது நினைவு ஒரு பணிப்பெயராக மட்டுமே வைத்திருக்கிறது. இந்த மூன்று அளவுகோல்களையும் நினைவில் வைத்துக்கொண்டு கட்டடத்திற்கு வருவோம்.

ராஃபிள்ஸின் நகரத் திட்டம் ஆற்றின் வடகரையை அரசுக்கென ஒதுக்கியது. தெமங்கோங்கின் கிராமம் தெலோக் பிளாங்காவுக்குப் பெயர்க்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட அந்நிலத்தில் முதலில் எழுந்ததோ ஜான் ஆர்கைல் மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் சொந்த மாளிகை. வடிவமைத்தவர் அயர்லாந்தின் டிராஹீடாவில் பிறந்த ஜார்ஜ் டிரம்கூல் கோல்மன். பல்லேடியப் பாணி; செங்கல்லும் சுண்ணச்சாந்துப் பூச்சும்; வெப்பத்திற்கு ஏற்ற அகன்ற தாழ்வாரங்கள். 1827-இல் வேலை முடிந்தது. மேக்ஸ்வெல் அதில் ஒருநாளும் குடியேறவில்லை. தனக்கென ஒதுக்கிய நிலத்தில் தனியார் கட்டிய வீட்டை அரசே மாதம் 500 ரூபாய் வாடகைக்கு எடுத்து அதில் நீதிமன்றத்தை வைத்தது. வாடகை ரூபாயில் என்பதைக் கவனியுங்கள். 1867 வரை நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பொறுப்பில் இருந்தன. கோப்புகள் கல்கத்தாவுக்குத்தான் போயின. இந்திய ஆவணக் காப்பகங்களில் தென்கிழக்கு ஆசிய வரலாற்றைத் தேடுவது திசைமாறிய வேலையன்று என்பதற்கு அந்த வாடகை ஒன்றே போதும்.

நீதிமன்றம் எதன்கீழ் இயங்கியது? 1826 நவம்பர் 27 நாளிட்ட இரண்டாம் நீதிப் பட்டயம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றுக்கும் ஒரே நீதிமன்றத்தை நிறுவியது. ரெக்கார்டர் என்ற பெயரில் அதற்கு ஒரு தொழில்முறை நீதிபதி. அவருடன் ஆளுநரும் உள்ளூர் ஆலோசகரும் அமர்வர். முதல் ரெக்கார்டர் சர் ஜான் கிளாரிட்ஜ். பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுப்பயணம் வர வேண்டியவர் பயணச்செலவு குறித்து ஆளுநர் ஃபுல்லர்ட்டனோடு சண்டையிட்டு வர மறுத்துவிட்டார். 1828-இல் சிங்கப்பூரின் முதல் அமர்வை, சட்டம் பயிலாத ஃபுல்லர்ட்டனே நடத்தினார். நீதிமன்றம் இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள், கைதிகள் இருக்கிறார்கள், நீதிபதி மட்டும் பயணப்படியைக் கேட்டுக்கொண்டு இன்னொரு தீவில் இருக்கிறார். கிளாரிட்ஜ் 1829-இல் திரும்ப அழைக்கப்பட்டார். இதை வெறும் வேடிக்கையாகக் கடப்பதற்கில்லை. நிர்வாகத்திலிருந்து விலகி நிற்கும் நீதிபதி என்ற கருத்து அந்தக் கட்டடத்தில் பணத்தகராறு ஒன்றின் வழியாக, அரைகுறையாக நுழைந்தது என்பதே இதன் பொருள்.

பட்டயத்தில் இன்னொரு கூறும் இருந்தது. குடிமக்களின் பல்வேறு சமயங்களும் பழக்கவழக்கங்களும் இடந்தருமளவுக்கு ஆங்கிலச் சட்டம் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். பின்வந்த நூறாண்டு வழக்குகளின் தலைவிதி இந்த ஒரு வரியில் அடங்கியது எனலாம். புகழ்பெற்ற 'ஆறு விதவைகள் வழக்கு' அதன் விளைவே. சூ எங் சூன் என்ற சீனச் செல்வர் இறந்தபின் அவருடைய சொத்தில் மனைவியின் பங்கைக் கேட்டுப் பெண்கள் அறுவர் நின்றனர். ஒருதார மணத்தை மட்டுமே அறிந்த ஆங்கிலப் பங்கீட்டுச் சட்டம் விதவைக்கு மூன்றில் ஒரு பகுதி என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விதவைகள் இருந்தால்? 1908 தீர்ப்பு சீனரின் பலதார மணத்தை ஏற்று, அந்த மூன்றில் ஒரு பகுதியை மனைவியரிடையே பிரிக்கும் வழியைத் திறந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் தம் திருமணம் திருமணந்தான் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சீன மணமுறை பற்றிப் பின்னாளில் நீரிணை நீதிமன்றங்கள் சொன்ன பலவற்றுக்கும் அந்தச் சாட்சியங்களே அடிப்படை.

கட்டடத்தின் உடல் வரலாற்றுக்குத் திரும்புகிறேன். அந்த வீடு வழக்குக் கேட்பதற்கு ஏற்றதாக இல்லை. பக்கத்திலேயே ஸ்டீஃபன் ஹால்பைக்கின் படகுப் பட்டறை. ஆணியடிக்கும் ஓசையில் சாட்சி சொல்வது கேட்கவில்லை. 1839-இல் அருகே ஒரு துணைக்கட்டடம் எழுப்பி நீதிமன்றத்தை அங்கே நகர்த்தினார்கள். 1840-களின் தொடக்கத்தில் அரசு மாளிகையை விலைகொடுத்து வாங்கிற்று. 1860-களில் புதிய நீதிமன்றம் என்ற நோக்கில் அருகில் ஒரு பெருங்கட்டடம் தொடங்கப்பட்டது. 1867-இல் முடிந்தபோது, பிரித்தானிய முடியின் நேரடிக் குடியேற்றமாக மாறிய அரசுக்கு அலுவலகங்கள் தேவைப்பட்டன, கட்டடம் அவற்றுக்குப் போயிற்று. அதுவே எம்பிரஸ் பிளேஸ். இன்று ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். நீதிமன்றம் 1875-இல் பழைய மனைக்கே, விரிவாக்கிய கட்டடத்துக்கு, மீண்டு வந்து 1939 வரை அங்கிருந்தது. 1909-இல் செய்த திருத்தங்களில் கோல்மனின் முகப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. 'சிங்கப்பூரின் மிகப் பழைய கட்டடம்' என்று சுற்றுலாக் கையேடுகள் கூறுவதை நான் பாதி ஒப்புக்கொள்வேன். எலும்பு 1827, தோல் 1909.

இந்தச் சுவர்களுக்குள் ஒலித்த சட்டத்திலும் இந்தியாவின் கைரேகை உண்டு. மெக்காலேயின் வரைவில் பிறந்து 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றிய தண்டனைச் சட்டம் அங்கே 1872 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அச்சட்டத்திற்கு 2024 ஜூலை 1 அன்று விடைகொடுத்துவிட்டோம். சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் பல திருத்தங்களோடு அதே மரபில் இன்னும் தொடர்கிறது.

அடுத்தது உழைப்பு. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து கப்பலேற்றப்பட்ட இந்தியக் கைதிகளின் முதற்குழுக்கள் சிங்கப்பூரில் இறங்கின. சென்னை மாகாணத்தில் தண்டிக்கப்பட்டோர் முதலில்; வங்காளத்தவர் பின்னர். 1833-இல் பொதுப்பணிக் கண்காணிப்பாளரான கோல்மன் இக்கைதிகளைக் கொண்டே சாலைகள் போட்டார், சதுப்பு நிலங்களை மீட்டார். மேற்சொன்ன எம்பிரஸ் பிளேஸும், ஆளுநர் மாளிகையும், 1861-இல் முடிந்த புனித ஆண்ட்ரூ பேராலயமும் அவர்கள் கட்டியவை. பேராலயத்தின் உட்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்கு இந்தச் செய்முறையை விளக்கத் தேவையில்லை. சமையலறைப் பொருள்களால் பூசிய சுவர்கள் அவை. நீதிமன்றமென்று எண்ணித் தொடங்கிய எம்பிரஸ் பிளேஸைக் கட்டியவர்கள் வேறொரு நீதிமன்றத்தின் தீர்ப்பால் கடல் கடந்து வந்தவர்கள் என்பதைக் கட்டடக்கலை வரலாறுகள் ஒரு வாக்கியத்தில் தாண்டிச் செல்கின்றன. கோல்மனின் பெயரில் அந்நகரில் தெருவும் பாலமும் உள்ளன.

பழைய மாளிகையின் முன்னே ஒரு வெண்கல யானை நிற்கிறது. சயாம் மன்னர் சூலலாங்கோர்ன் 1871-இல் சிங்கப்பூருக்கு வந்ததன் நினைவாக அளித்த பரிசு. தன் நாட்டு எல்லை தாண்டி ஒரு சயாமிய மன்னர் கால்வைத்த முதல் வெளிநிலம் சிங்கப்பூர். முதலில் நகர மண்டபத்தின் முன்னிருந்த யானை 1919-இல், நூற்றாண்டு விழாவுக்காக ராஃபிள்ஸ் சிலைக்கு இடம் விட்டு, நீதிமன்ற வாசலுக்கு நகர்ந்தது. பீடத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு மொழிகளில் கல்வெட்டு: சயாம், ஜாவி எழுத்தில் மலாய், சீனம், ஆங்கிலம். தமிழ் இல்லை. தமிழர் அந்நகரில் அப்போது அரை நூற்றாண்டைக் கடந்திருந்தனர். 1819-இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையின் பெயரை அறியாத சிங்கப்பூர்த் தமிழர் இல்லை. இதில் சதி எதையும் நான் காணவில்லை. பரிசு மன்னர் கொடுத்தது, மொழிகளும் அரசமரியாதைக்கு ஏற்பத் தேர்ந்தவை. ஆனால் அதே வாசலைத் தாண்டி உள்ளே போனால் தமிழ் நாள்தோறும் ஒலித்தது, சாட்சியின் மொழியாகவும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மொழியாகவும். அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட பின்னரே சட்டத்தின் காதில் விழும். கல்வெட்டில் இல்லாத மொழிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்; அவரே அம்மொழியின் வாசல்.

இந்நிலை மாறியதும் இதே கட்டடத்தில்தான். அதனாலேயே இந்த மாளிகை எனக்கு முக்கியமாகிறது. 1939 ஆகஸ்ட் 3 அன்று பாடாங் திடலின் எதிரே புதிய உச்சநீதிமன்றம் திறக்கப்பட்டதும் பழைய கட்டடம் வெறும் கிடங்காயிற்று. போருக்குப்பின் சமூகநலத் துறை அங்கே இருந்தது. 1954-இல் பொதுப்பணித் துறைக் கட்டடக்கலைஞர் ஹான்காக் அதைச் சட்டமன்ற இல்லமாக மாற்றியமைத்தார். 1955 ஏப்ரல் 22-இல் கூடிய சட்டமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே அவைமொழி. 1956-இல் அவை பன்மொழிக் கொள்கையை ஏற்றது. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் நான்கிலும் உறுப்பினர் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு என்ற நிலை அதன்வழியே வந்தது. இன்று அது அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்திலேயே உள்ளது. சாட்சிக்கூண்டில் நின்ற மொழி உறுப்பினர் இருக்கைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளரின் திசையும் மாறியது. முன்பு, தமிழரின் பேச்சை நீதிபதிக்குச் சொன்னவர் அவர்; இப்போது ஒரு சட்டமியற்றுநரின் தமிழை மற்றச் சட்டமியற்றுநர்கள் காதணி வழியாகக் கேட்டார்கள். தமிழ் உலகின் ஆட்சிமொழி வரலாற்றை எழுதுவோர் சென்னையையும் கொழும்பையும் மட்டும் பார்ப்பது போதாது.

அவையில் அமர்ந்த தமிழரைப் பற்றியும் சிறிது. இலங்கைத் தமிழ் வேர்கொண்ட எஸ். ராஜரத்தினம் புதிய குடியரசின் முதல் வெளியுறவு அமைச்சர். ஏ. பி. ராஜா 1964 முதல் 1966 வரையிலும், அவருக்குப்பின் பஞ்ச் குமாரசுவாமி 1970 வரையிலும் அங்கே அவைத்தலைவர்கள். சிங்கப்பூர்த் தமிழில் சொன்னால், நாடாளுமன்ற நாயகர்கள். இருவரும் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதிகளாயினர். கட்டடம் நீதிமன்றத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. இவர்கள் நாடாளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

1969-ஐ இங்கே விட்டுவிட முடியாது. அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் ஜூரி முறையை முற்றாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. குற்ற வழக்குகளில் கட்சிக்காரருக்காக ஜூரிகளிடம் வாதாடிப் பேர்பெற்ற டேவிட் மார்ஷல் தேர்வுக்குழுவின் முன் தோன்றி எதிர்த்தார், பயனில்லை. 1828 முதல் ஜூரிகள் அமர்ந்த மனையில், அவர்களுக்கென எழுந்த அறைகளுக்குள், அந்த முறைக்கு முடிவுகட்டிய வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மைக்கு அன்று எவ்விதக் குறைவுமில்லை; 1968 தேர்தலில் எல்லா இடங்களும் ஒரே கட்சிக்கு. அந்த ஒற்றைக்கட்சி அவையை 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தல் வழியாக உடைத்து உள்ளே வந்தவர் யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்த ஜே. பி. ஜெயரத்தினம். அவர் முன்னாளில் கீழமை நீதிமன்ற நீதிபதி. 1986-இல் தண்டனை பெற்று இடத்தை இழந்தார்; வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். அந்த நீக்கத்தை ரத்துசெய்த 1988 பிரிவி கவுன்சில் தீர்ப்பு, அவருக்குக் கடும் அநீதி நேர்ந்ததாகவே கூறியது. அரசியல் சார்பு எதுவாயினும், அந்த அவையில் எதிர்க்குரல் எவ்வளவு விலையுடையதாயிருந்தது என்பதை இவ்வரலாறு காட்டும்.

1999-இல் நாடாளுமன்றம் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. 2004 மார்ச்சில் பழைய இல்லம் ஆர்ட்ஸ் ஹவுஸாகத் திறந்தது. அவைக்கூடம் இருக்கைகளோடு அப்படியே இருக்க, அங்கே கவிதை வாசிப்பும் இசையும் திருமணங்களும் நடந்தன. சிங்கப்பூர் எழுத்தாளர் விழா பல ஆண்டுகள் அங்கே கூடியது. நான்கு மொழிகளும் மீண்டும் வந்தன, இம்முறை இலக்கியமாக. வாசலில் சயாமின் யானை நிற்க, அதே வளாகத்தில் தாய்லாந்து உணவகம். ஆற்றங்கரைப் பக்கம் 'டிம்பர்' என்ற இசை உணவகமும் இயங்கியது. படகுப் பட்டறையின் ஓசைக்கு அஞ்சி நீதிமன்றம் விலகிய கரையில் கிதார் ஒலிபெருக்கியில் முழங்கிற்று.

இவ்வகை மாற்றத்தைப் 'புனிதம் கெட்டது' என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அது ஒப்புதலில்லை. கல்கத்தாவின் பழைய கோர்ட் ஹவுஸுக்கு ஒரு சமையற்காரர் கிடைத்திருந்தால் அது இன்றும் நின்றிருக்கலாம். வாடகை தருபவர் இல்லாத பாரம்பரியக் கட்டடம் புறாக்களுக்கு உரியது. நீதிமன்றம் வெறும் புனித இடமும் அன்று. சவுக்கடியும் தூக்கும் நாடுகடத்தலும் அங்கிருந்துதான் புறப்பட்டன. அங்கே இன்று யாரோ சோறுண்கிறார்கள் என்பது இழுக்கில்லை. ஆனால் உணவகம் எந்த வரலாற்றைப் பரிமாறுகிறது என்பது வேறு கேள்வி. பெயர்ப்பலகைக்கு '1827' எளிதில் கிடைக்கிறது. கோல்மனும் மேக்ஸ்வெல்லும் கிடைக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரும், ஆறு விதவையரும், காவற்சேவகரும் உணவுப்பட்டியலின் பின்பக்கத்தில்கூட வருவதில்லை.

பக்கத்துக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1939-இன் உச்சநீதிமன்றமும் தன் முறை வந்தபோது காலியானது. 2005-இல் நீதிபதிகள் நார்மன் ஃபாஸ்டரின் புதுக் கட்டடத்துக்குச் சென்றனர். 2015 நவம்பரில் நகர மண்டபத்தோடு இணைந்து அது தேசியக் கலைக்கூடமாயிற்று. அதன் தரைத்தளத்தில் உள்ள ஓடெட் உணவகம் 2019-இல் மூன்று மிஷலன் விண்மீன்களைப் பெற்றது. சமையற்கலைஞர் தம் பாட்டியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார். அதே கட்டடத்தில்தான் 1946-இல் ஜப்பானியக் கெம்பெய்தாய் அதிகாரிகள் மீதான 'டபுள் டென்த்' விசாரணை நடந்தது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோ என்ற சிறுமி யாருடைய மகள் என்ற வழக்கின்போது அதன் வாசலில் தொடங்கிய கலவரத்தில் 18 பேர் இறந்தனர். அங்கே செய்தவற்றுள் ஒன்றை நான் மனமாரப் பாராட்டுவேன்: கைதிகளைக் காக்கவைத்த சிற்றறைகள் இரண்டை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். குறுகிய அறை, சுவரோடு ஒட்டிய இருக்கை. அங்கிருந்து கைதிகள் படியேறி நேரே கூண்டுக்குள் வருவார்கள். மேலே ஓவியம் பார்த்தவர், கீழே உண்டவர், இரண்டுக்கும் இடையில் அதையும் பார்க்க நேர்கிறது. 1937-இல் நாட்டிய அடிக்கல்லின் கீழே அன்றைய செய்தித்தாள்களும் நாணயங்களும் அடங்கிய பேழை உள்ளது, கி.பி. 3000-இல் திறக்க வேண்டுமாம்.

மேக்ஸ்வெல் மாளிகையைப் பற்றி நம் பக்கத்திலிருந்து செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. 1867-க்கு முற்பட்ட நீரிணைக் கோப்புகளுக்கு வழி இந்தியாவில் உண்டு; சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்ட கைதிகளின் கதையைத் தொடர எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம்; டெல்லியில் இருப்போர்க்கு ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் பேருந்துத் தொலைவுதான். அந்த நீதிமன்றங்களின் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுத வேண்டும். இதை வாசிப்போரில் யாருடைய குடும்பத்திலாவது பினாங்கிலோ சிங்கப்பூரிலோ மலாக்காவிலோ நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் இருப்பின், நியமனக் கடிதமோ நாட்குறிப்போ ஒரு நிழற்படமோ கைவசம் இருப்பின், தெரிவியுங்கள். பிரதியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.